பிரிஜட் எண்ணிய முந்நூறு

பிரிஜட்டோடு எண்ணிக்கையில் மட்டும் யாரும் வாதாடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் நூற்று எண்பத்தாறு என்பாள். பாடகர் குழுவைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பாள். சிங்கப்பூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலையே எண்ணுவதுதான். ரத்தமோ, முதுகுத்தண்டு நீரோ, எது வந்தாலும் ஒரு துளியைக் கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் டக் டக்கென்று அழுத்திக்கொண்டே போவாள். மற்றவர்கள் இரண்டு தடவை எண்ணிச் சரிபார்ப்பார்கள். அவள் ஒரு தடவைதான். அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். விட்டிருக்கக் கூடாது.

1978 ஆகஸ்டில் அவளுடைய அக்கா மதலேனாவுக்கு இடது முழங்கால் வீங்கியது. மதலேனாவும் கணவர் இயேசுதாசனும் கிளமெண்டியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்குக் குடிவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. தஞ்சோங் பகாரில் ஒற்றை அறையில் காலம் தள்ளியவர்களுக்கு ஏழாம் மாடியில் மூன்றறை வீடு என்றால் அரண்மனைதான். ஒரே குறை லிஃப்ட். ஐந்தாம் மாடியில் நிற்கும், அப்புறம் ஒன்பதாம் மாடியில்தான் நிற்கும். நடுவில் குடியிருப்பவர்கள் ஒன்றிரண்டு மாடி ஏறியோ இறங்கியோ போய்க்கொள்ள வேண்டியதுதான். உலகத்தில் எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருக்கிறது என்று கட்டினவர்கள் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

மதலேனாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதே பிரிஜட்தான். டாக்டர் முழங்காலில் ஊசியைக் குத்தி நீரை உறிஞ்சி எடுத்தார். அது நேரே பிரிஜட்டின் மேசைக்கு வந்தது. மூட்டு நீர் அங்கே மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணும்போது எதை விடுவார்களோ அதே திரவத்தைத்தான் இதற்கும் விடுவார்கள். அவளுக்கு வேலை பழக்கிய துரைசாமி சார் அப்படித்தான் செய்தார், அவருக்குப் பழக்கியவரும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் அந்தத் திரவம் சிவப்பணுக்களைக் கரைத்துவிடும். வெள்ளை அணுக்கள் மட்டும் எண்ணுவதற்குத் தெளிவாக நிற்கும். மூட்டு நீரில் விட்டால் மட்டும் ஒரு தொல்லை. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி வெள்ளை உருண்டை ஒன்று திரளும். அதைக் குச்சியால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, தெளிந்ததை எண்ண வேண்டும். பிரிஜட் தூக்கிப் போட்டாள், எண்ணினாள். முந்நூறு.

நல்ல மூட்டில் இருநூறுக்குள் இருக்கும். உள்ளே அழற்சி என்றால் ஆயிரக்கணக்கில் ஏறும். முந்நூறு என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று அர்த்தம். நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்ததையும் அவள் ஒரு வார்த்தை எழுதத்தான் செய்தாள். டாக்டர் எண்ணைப் பார்த்தார், கலங்கலைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. ரத்தத்திலும் எதுவும் பிடிபடவில்லை. தேய்மானம் ஆரம்பிக்கிறது, நன்றாக நடங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மதலேனாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

அன்று மாலை கிளமெண்டி வீட்டுக் கூடத்தில் பிரிஜட் தீர்ப்புச் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நானே என் கண்ணால எண்ணினேன். முந்நூறுதான்."

"தொட்டுப் பாரேன், சுடுது."

பிரிஜட் தொட்டாள். சுடத்தான் செய்தது.

"வெளிய அலைஞ்சிட்டு வந்தா சுடாம என்ன செய்யும். இப்படிக் கால நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தா இறுகிப் போயிரும். எந்திரிச்சு நட."

இயேசுதாசன் பஸ் ஓட்டுகிறவர், சாது. மைத்துனியின் படிப்பின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. "தங்கச்சியே சொல்லிருச்சு லா, அப்புறம் என்ன," என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அப்படியே ஏறக்குறைய மூன்று வருடம் ஓடியது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மதலேனாவின் உடம்பு அவள் சொன்னபடி கேட்காது. வலது முழங்காலும் சேர்ந்துகொண்டது. விரல் கணுக்கள் உப்பின. ஈரத்துணியைப் பிழிய முடியாமல் அப்படியே சொட்டச் சொட்ட ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கம்பில் போட, கீழ்வீட்டுக்காரி வந்து சண்டை போட்டாள். இன்னொரு தடவை டாக்டரிடம் காட்டலாமா என்று மதலேனா முதல் வருடம் இரண்டு முறை கேட்டாள். "சும்மா சும்மா போயி அவங்க நேரத்த வீணாக்காதக்கா. உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. வலியெல்லாம் மனசுதான்," என்றாள் பிரிஜட். அதற்கப்புறம் மதலேனா கேட்கவில்லை. முனகுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சனிக்கிழமை தவறாமல் போவது மட்டும் அந்த ஆகஸ்டிலேயே புதிதாக வந்த பழக்கம். கிளமெண்டியிலிருந்து பஸ் பிடித்து, சிராங்கூன் ரோடு பக்கத்தில் இருக்கும் கோயிலுக்குப் போய், முழந்தாளில் நெடுநேரம் நின்று ஜெபம் சொல்லிவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். இயேசுதாசனின் தங்கை அன்னம்மா வாய் சும்மா இருக்காதவள். "கோயில்ல அரைமணி நேரம் முழந்தாள்ல நிக்க முடியுது, வீட்டுல தேங்கா துருவ மட்டும் முடியலயாக்கும். எல்லாம் நடிப்பு," என்றாள். நியாயமான கேள்வி என்றுதான் பிரிஜட்டுக்கும் பட்டது.

1981 ஜூனில் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் பரீதா வந்தார். லண்டனில் மூட்டு நோய் படித்துவிட்டு வந்தவர். ஒல்லியான உருவம், வேகமான நடை. மற்ற டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள். இந்த அம்மாள், நோயாளியிடம் எடுத்த மூட்டு நீரைத் தானே கையில் ஏந்திக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கு நடந்து வந்துவிடுவார். வந்த முதல் வெள்ளிக்கிழமையே அப்படி வந்து பிரிஜட்டின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரிஜட்டுக்கு உள்ளூர மகிழ்ச்சி. தன் கை வேகத்தை ஒரு லண்டன் படிப்புப் பார்க்கட்டுமே என்று வினிகர் திரவத்தை எடுத்தாள்.

"அதையா விடுறீங்க?" என்றார் பரீதா.

"ஆமா டாக்டர். எப்பவும் இதான்."

பரீதா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரிஜட் திரவத்தை விட்டாள், வெள்ளை உருண்டை திரண்டது, குச்சியால் தூக்கிக் குப்பையில் போட்டாள். எண்ணினாள். நானூறு.

"இப்ப வெறும் சலைன் விட்டு எண்ணுங்க," என்றார் பரீதா.

சலைன் என்றால் உப்புத் தண்ணீர்தான். பிரிஜட் உப்புத் தண்ணீரை விட்டு, அதே நீரின் இன்னொரு துளியைக் கண்ணாடியில் வைத்துக் குனிந்தாள். கட்டமே தெரியவில்லை. மணலை வாரி இறைத்த மாதிரி வெள்ளை அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டு கிடந்தன. இன்னும் தண்ணீர் சேர்த்து, இன்னும் சேர்த்து, ஒரு வழியாக எண்ணி முடித்தபோது கணக்கு ஐம்பத்திரண்டாயிரம் என்று வந்தது. ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி எண்ணினாள். ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம்.

"அந்த உருண்டைக்குள்ளதான் எல்லாம் மாட்டிக்கிட்டு இருந்துச்சு," என்றார் பரீதா. "மூட்டு நீர்ல பசை மாதிரி ஒண்ணு இருக்கு. ஆசிட் பட்டா அது திரண்டு, அணுவையெல்லாம் உள்ள இழுத்துக்கும். நீங்க அதத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, மிச்ச தண்ணிய எண்ணுறீங்க."

டாக்டர் பேசிக்கொண்டே போனார். இந்த அணுக்கள் சும்மா வந்து கூடி நிற்பதில்லை என்றார். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பை, உள்ளே எதையும் கரைக்கிற சரக்கு இருக்கிறது. கிருமியைக் கொல்ல வைத்திருப்பது. கிருமியே இல்லாத மூட்டில் வந்து மொய்த்தால் என்ன ஆகும்? அதுகள் அங்கேயே செத்து வெடிக்கும். அமைதியாகச் சாகாது. உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் சாகும். கொட்டினது குருத்தெலும்பைக் கரைக்கும், அதோடு இன்னும் ஆயிரம் அணுவைக் கூப்பிடும். அதுவும் வந்து சாகும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் மூட்டில் மூட்டு இருக்காது.

"எத்தனை வருஷமா இந்த ஆசிட்ட விடுறீங்க?"

"நான் வேலைக்குச் சேந்ததிலேருந்து. பதினாலு வருஷம்."

பரீதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரிஜிஸ்டரப் பாத்து மூட்டு நீர் வந்த எல்லாரோட பேரையும் எழுதுங்க. ஒவ்வொருத்தரையும் திரும்பக் கூப்பிடணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரிஜட் 1978 ரிஜிஸ்டரைத்தான் முதலில் எடுத்தாள். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதே இல்லை. அவளுடைய உருண்டை உருண்டையான கையெழுத்தில் அக்காவின் பெயர், எதிரே முந்நூறு, அதன் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு வார்த்தை. அன்றைக்குத் தான் குப்பையில் போட்டது அக்காவின் முழங்காலை. கழுவுதொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறிக் கிளமெண்டிக்குப் போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போய், மாடிப்படி ஏறத் திரும்பினாள். ஆறாம் மாடிக்குக் கீழே படியில் மதலேனா உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை, தலைக்குப் போடுகிற முக்காட்டுத் துணி, மடியில் கைப்பை. கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டதும் பதறிக் கைப்பிடியைப் பற்றி எழப் பார்த்தாள்.

"உக்காரல பிரிஜட். செருப்புப் பக்கிள் கழண்டுக்கிச்சு, அத மாட்டிக்கிட்டிருந்தேன்."

செருப்பில் பக்கிளே இல்லை. அது ரப்பர் செருப்பு.

பிரிஜட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைப் பார்த்து அக்கா பயப்படுகிறாள். வலியை மறைப்பதற்கு, திருட்டை மறைக்கிறவளைப் போலப் பொய் சொல்கிறாள். ஒத்திகை பார்த்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அக்கா, திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கு வா. புதுசா ஒரு டாக்டர் வந்துருக்காங்க."

"எதுக்கு? நீதான் எண்ணிப் பாத்துட்டியே. அவங்க நேரத்த எதுக்கு வீணாக்கணும்."

பிரிஜட்டின் வார்த்தையே அவளிடம் திரும்பி வந்தது. அக்காவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். மதலேனா பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். மிச்சம் இருந்தது பதினான்கு படி. ஏழு நிமிடம் ஆயிற்று. எண்ணக் கூடாது என்று நினைத்தும் பிரிஜட் எண்ணினாள். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பரீதா ஊசியில் எடுத்த நீர் மறுபடியும் அதே மேசைக்கு வந்தது. பிரிஜட் உப்புத் தண்ணீர் விட்டாள். இரண்டு தடவை எண்ணினாள். நாற்பத்தாறாயிரம். எண்ணி முடித்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் ஓர் அணு மெல்ல உப்பியது. உள்ளே இருந்த பொடிப்பொடித் துணுக்குகள் துடித்தன. ஓரம் விட்டுப்போய், இருந்ததெல்லாம் வெளியே பரவி, அந்த இடத்தில் ஒரு மங்கல் கறை மட்டும் மிஞ்சியது. மூன்று வருடமாக, தான் நட நட என்று விரட்டிய ஒவ்வொரு நாளும் இதுதான் நடந்திருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு பரீதாவின் அறைக்குப் போனாள். மதலேனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் பலகையில் புது எக்ஸ்ரே மாட்டியிருந்தது. பரீதா விரலை வைத்துக் காட்டினார். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளியைக் காணோம். எலும்பும் எலும்பும் ஒட்டிக் கிடந்தன. போன குருத்தெலும்பு இனி வராது என்றார். வலது காலையும் கைகளையும் காப்பாற்ற மருந்து தரலாம், இடது காலுக்குப் பின்னால் ஆபரேஷன் யோசிக்கலாம் என்றார். அப்புறம் மதலேனாவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவ்வளவு வலிய வெச்சுக்கிட்டு மூணு வருஷமா ஏன் வரல?"

மதலேனா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குச் சோம்பல் டாக்டர்," என்றாள்.

தங்கையைக் காப்பாற்றச் சொன்ன பொய்யும் இல்லை, குத்திக் காட்டியதும் இல்லை. பேர் கேட்டால் சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பிரிஜட்டால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"வந்தாங்க டாக்டர். எழுபத்தெட்டுலயே வந்தாங்க. நான்தான் எண்ணினேன். முந்நூறுன்னு எழுதினேன். திரும்ப வர்றேன்னாங்க, நான்தான் வேணாம்னு சொன்னேன்." பரீதாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "நான் எண்ணினது தப்புக்கா. உன் முழங்கால்ல இருந்ததெல்லாம் திரிஞ்ச பால் மாதிரி திரண்டு வந்துச்சு. அதக் குப்பையில போட்டுட்டு, வெறும் தண்ணிய எண்ணி, ஒண்ணும் இல்லன்னு உன்கிட்ட சொன்னேன். அன்னைக்கே ஆயிரக்கணக்குல இருந்துருக்கும். உனக்கு அன்னைக்கே வியாதி இருந்துச்சு."

மதலேனா பிரசங்கம் கேட்கிற மாதிரி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரிஜட் அவள் கையைப் பிடிக்கப் போனாள். கை மெல்ல விலகி மடிக்குப் போய்விட்டது. மதலேனா எக்ஸ்ரேயைப் பார்த்தாள், வீங்கிய முழங்காலைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு வலிச்சது நெசந்தானா?"

"நெசந்தான்மா," என்றார் பரீதா.

பரீதா மருந்துச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் அதத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள் மதலேனா.

"எதக்கா?"

"சோம்பல. தலையான பாவம் ஏழுல அதுவும் ஒண்ணுல்ல. உடம்புல ஒண்ணும் இல்லன்னு நீயே எண்ணிப் பாத்துட்ட. அப்புறமும் காலையில எந்திரிக்க முடியலன்னா அது சோம்பல்தானே. அதான் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். ஃபாதர் பாவம், அவருக்கு என்ன தெரியும். ஜெபமாலை உருட்டி ஐம்பத்துமூணு மணி ஜெபம் சொல்லச் சொன்னாரு. முழந்தாள்ல நின்னு சொன்னா சீக்கிரம் சோம்பல் போயிரும்னு நானாத்தான் நின்னேன். அடுத்த வாரமும் சோம்பல் போகல. அதுக்கடுத்த வாரமும் போகல."

பிரிஜட் கேட்காமலே அவள் மூளை எண்ணிவிட்டது. நூற்று நாற்பத்தேழு சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐம்பத்துமூன்று மணி, கோயிலின் கல்தரையில், அந்த முழங்கால்களின் மேல்.

மதலேனா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "வர்ற சனிக்கிழம ஃபாதர்கிட்ட என்ன சொல்லுவேன்? வேற பாவம் ஒண்ணும் தோணலையே," என்றாள்.

"நானும் வர்றேன்க்கா. எனக்குச் சொல்ல இருக்கு."

மதலேனா முதல் தடவையாகத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வா. ஆனா ஜெபத்த உக்காந்தே சொல்லு," என்றாள். "முழங்கால் போனா திரும்ப வராதாம், டாக்டர் சொல்றாங்க."